கீரியின் கொதிகலன் அறை

கீரி மூழ்கும்போதெல்லாம் அதன் கொதிகலன் அறையில் இருந்தவர்கள் தப்பான பக்கம் ஓடினார்கள்.

கீரி ஒரு டார்பிடோ படகு. அது எந்தக் கடலிலும் மிதந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படியொரு படகு இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, சென்னைக்குத் தெற்கே ஐ.டி. கட்டடங்கள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து செண்பகவல்லி வரைந்தது. ஒரு தனியார் கடல் அருங்காட்சியகம் கேட்டிருந்தது. பார்வையாளர்கள் வட்ட அறைக்குள் போய் நின்றால் சுற்றிலும் நூறாண்டுக்கு முந்தைய கடற்போர் நடக்கும். விருப்பப்பட்டால் படகுக்குள்ளேயே இறங்கி நடக்கலாம். எந்த நாட்டுக்காரர் மனமும் கோணக்கூடாது என்று இரண்டு கற்பனை நாடுகள், கற்பனைக் கொடிகள், கற்பனைப் படகுகள். ஆனால் இரும்பு இரும்பைப் போலவே வளைய வேண்டும், நீராவி நீராவியைப் போலவே சுட வேண்டும். அதற்காகத்தான் துறைமுக இழுவைப் படகுகளை வடிவமைத்துக்கொண்டிருந்த செண்பகவல்லியைக் கூப்பிட்டு வேலை கொடுத்திருந்தார்கள்.

அவளுக்குக் கீரியைப் பிடித்திருந்தது. ஒல்லியான நீண்ட உடம்பு, மெல்லிய தகடு, மேல்தளத்தில் திரும்பக்கூடிய இரண்டு டார்பிடோ குழாய்கள். எதிரிக் கப்பல் சுதாரிப்பதற்குள் பாய்ந்து போய்க் கடித்துவிட்டு ஓடி வர வேண்டும். வேகம்தான் எல்லாம். வேகத்துக்கு நெருப்பு கனன்று எரிய வேண்டும். அதற்குக் காற்றை அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். அழுத்தம் நிற்க வேண்டுமானால் கொதிகலன் அறையை இறுக மூடித்தான் வைக்க வேண்டும். அந்தக் காலத்துப் படகுகளில் நிஜமாகவே அப்படித்தான் செய்தார்கள். கரி அள்ளிப் போடுகிறவர்கள் மூடிய அறைக்குள் வேலை பார்த்தார்கள். வெளியே வர ஒரே ஏணி. அதன் உச்சியில் ஓர் இரும்பு மூடி.

அந்த ஏணியைச் செண்பகவல்லி இடது பக்கம் முன்மூலையில் வைத்திருந்தாள். சிமுலேஷனில் குண்டு விழுந்து அறைக்குள் தண்ணீர் புகுந்ததும் கரி அள்ளுகிறவர்கள் அத்தனை பேரும் வலது பக்கம் பின்மூலைக்கு ஓடினார்கள். அங்கே இருந்தது வெறும் சுவர். அதன் முன்னால் நெருக்கியடித்து நின்று இரண்டு கையாலும் சுவரை அடித்தார்கள். தண்ணீர் தலைக்கு மேல் போகும்வரை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"ஹாரூன், உன் ஆளுங்களுக்குக் கண்ணு தெரியாதா?" என்றாள் செண்பகவல்லி.

ஹாரூன் காயல்பட்டினத்துக்காரன். படகு அவளுடையது என்றால் படகில் இருக்கும் மனிதர்கள் அவன் பொறுப்பு. "ஆளுங்க சரியாத்தான் இருக்காங்க அக்கா. உங்க படகுல ஏதோ இருக்கு. புகை அந்தப் பக்கம் அடைக்குதோ, தளம் அந்தப் பக்கம் சரியுதோ, பாருங்க."

அவள் பார்த்தாள். புகையைக் குறைத்தாள். விளக்கை ஏணிக்கு மேலேயே மாட்டினாள். தளத்தை எதிர்ப்பக்கம் சாய்த்துக்கூடப் பார்த்தாள். அவர்கள் சரிவில் மேல்நோக்கித் தவழ்ந்து அதே மூலைக்குப் போனார்கள். இவன்தான் எதையோ சரியாகச் செய்யாமல் பழியை என் படகு மேல் போடுகிறான் என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவனும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறான் என்பது அவன் பேச்சுக் குறைந்ததிலிருந்து தெரிந்தது.

கடைசியில் எரிச்சலில் அவள் ஏணியையே பிடுங்கி வலது பின்மூலையில் வைத்தாள். ஏணிகூட வேண்டாம், சும்மா நடந்து வெளியேறுகிற மாதிரி ஒரு திறப்பு வைப்போம் என்று சுவரைக் கதவளவுக்கு வெட்டிவிட்டாள். வரலாற்றுக்கு ஒத்துவராதுதான். சோதனைக்காக.

தண்ணீர் புகுந்தது. ஆட்கள் ஓடி வந்தார்கள். திறந்து கிடந்த வழிக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒருவர்கூட வெளியே போகவில்லை. அங்கே இல்லாத எதையோ, வெறும் காற்றை, இரண்டு கையாலும் அடித்தார்கள்.

ஹாரூன் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "திரும்பப் போடுங்க" என்றான். குரல் மாறியிருந்தது.

திரும்பப் பார்த்தபோது செண்பகவல்லி வேறொன்றைக் கவனித்தாள். ஓடி வருகிற வழியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புத் தடுப்பு இருந்தது. அதைத் தாண்டுமுன் கனத்த மீசையும் கால்சட்டையுமாக இருந்த ஓர் ஆள் இடது கையைத் தொடைப் பக்கம் கொண்டுபோய் எதையோ சேர்த்துப் பிடித்துக் கொஞ்சம் தூக்கினான். பிறகுதான் காலை எடுத்து வைத்தான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் அப்படியே செய்தான். அதற்குப் பின்னால் வந்தவனும்.

"இவன் என்ன பண்றான் தெரியுதா?" என்று கேட்டாள்.

"பேன்ட்டைத் தூக்கி விடுறான்."

"ஒத்தக் கையால, ஒரு பக்கமா, யாராவது பேன்ட்டைத் தூக்குவாங்களா? சேலையைத் தூக்கிப் பிடிக்கிறான் ஹாரூன். இது பொம்பளைங்க."

ஹாரூன் திரையை நெருங்கிக் குனிந்து பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நடையோட நீளம் குறைச்சலா இருந்துச்சு. நான்தான் இழுத்துப் பெருசாக்கினேன்."

"இவங்க யாரு? எங்கேர்ந்து வந்தாங்க?"

"இதுவரைக்கும் ஆபத்து வந்தா பக்கத்து வாசலுக்கு ஓடுன்னு நாமளே விதி எழுதுவோம். சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஓடும். இந்தத் தடவ விதி எதுவும் எழுதல அக்கா. நிஜ மனுஷங்க அசைவைப் பதிவு பண்ணி விக்கிற கம்பெனி ஒண்ணு இருக்கு. தலை, ரெண்டு மணிக்கட்டு, இடுப்பு, இதுலெல்லாம் பட்டை மாட்டி எடுத்த பதிவு. ஒரு பொம்மைக்கு ஒரு ஆள். ஆபத்துன்னு பட்டா அந்த ஆளு அன்னைக்கு என்ன பண்ணினாரோ அதைத்தான் பொம்மையும் பண்ணும். நான் மேல மீசையும் கரியும் பூசினேன். அவ்வளவுதான்."

"எந்தப் பதிவு? எந்த ஆபத்து?"

"ஏதோ கடல்சார் பயிற்சிப் பள்ளியில நடிச்சுக் காட்டினாங்கன்னு தயாளன் சார் சொன்னாரு."

செண்பகவல்லி திரையைப் பார்த்தாள். ஒருத்தி, அவளுக்கு இப்போது அது ஒருத்திதான், காற்றில் கையை ஓங்கி ஓங்கி அடித்துவிட்டு மணிக்கட்டை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். வலியில் செய்கிற காரியம். உடனே மறு கையால் அடிக்க ஆரம்பித்தாள்.

"நடிக்கிறவ யாராவது கை உடையிற மாதிரி அடிப்பாளா?"

தயாளன் அவர்கள் வேலை பார்த்த நிறுவனத்தின் தலைவர். அவரிடம் கேட்டபோது சிரித்தார். "சூப்பர் ரியலிஸம் இல்ல? மியூசியம்காரங்க பாத்துட்டு அசந்துட்டாங்க. செண்பா, நீங்க ஷிப் டிசைனர். உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? ஏணிய எங்க வேணா வைங்க. ஆள் சாகணும், பாக்கிறவன் கண்ணு கலங்கணும்."

"பதிவு எங்க எடுத்ததுன்னு மட்டும் சொல்லுங்க சார்."

"கடையில அரிசி வாங்குறோம். எந்த வயல்ல விளைஞ்சதுன்னா கேக்கிறோம்?"

சிரிப்பு மாறாமல்தான் சொன்னார். ஆனால் அடுத்த நாள் அவளுடைய மேஜைக்கு அவரே நடந்து வந்து, "இந்தப் பொம்மை விஷயம் வெளிய யாருகிட்டயாவது பேசினீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "குட்" என்று போய்விட்டார். அன்றைக்கு மத்தியானமே பதிவுகள் இருந்த பகுதிக்குள் அவளால் நுழைய முடியாமல் போனது. ஹாரூனுக்கு மட்டும் அனுமதி இருந்தது. தயாளன் அறையில் ஹாரூன் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வெளியே வந்தவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவள் கணவன் சேது இறால் வாங்கி வந்திருந்தான். சமையலறைத் தொட்டிப் பக்கம் நின்று உரித்துக்கொண்டிருந்தான். செண்பகவல்லி பூண்டு எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். இடது கையில் இறாலைப் பிடித்து, வலது கைக் கட்டைவிரலால் தலையைக் கிள்ளி, ஒரு திருகு திருகி, கையை வெளியே வீசுகிறான். கிள்ளு, திருகு, வீச்சு.

கீரியில் போர் தொடங்குவதற்கு முன், சும்மா நிற்கிற நேரத்தில் கரி அள்ளுகிற ஆட்கள் இதைத்தான் செய்தார்கள். விரல்களுக்கு எதுவும் பதிவில்லை. ஆனால் மணிக்கட்டு ஓயாமல் சின்னச் சின்னதாகத் திருகிக்கொண்டே இருக்கும். பதிவின் இரைச்சல் என்று நினைத்து ஹாரூன் அதை மழுக்கி வைத்திருந்தான்.

"என்ன, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றான் சேது.

"இதையே நாள் முழுக்க எங்க உரிப்பாங்க?"

"ஏற்றுமதி பண்ற ஆலையில. ஏன்?"

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு முதல் ஆளாகப் போய் ஹாரூனுக்காகக் காத்திருந்தாள். அவன் பையை இறக்குவதற்குள் கேட்டாள். "உனக்கு என்னமோ தெரியும். தயாளன்கிட்ட என்ன பேசினே?"

ஹாரூன் சுற்றிலும் பார்த்தான். தயாளன் இன்னும் வரவில்லை. "பதிவைக் குடுத்துட்டு ஒதுங்கிக்கச் சொன்னாரு. முடியாதுன்னேன். வேலை போயிடும்னாரு." பையை இறக்கி வைத்தான். "இன்னொன்னு இருக்கு அக்கா. முதல்லேயே சொல்லியிருக்கணும். சில பதிவு நடுவுல நின்னு போகுது. ஓடுறாங்க, தட்டுறாங்க, உக்காருறாங்க, அப்புறம் ஒண்ணுமே இல்ல. பட்டையில பேட்டரி போச்சுன்னு விட்டுட்டேன். அப்படித்தான் நினைச்சேன். நினைச்சுக்கிட்டேன்."

செண்பகவல்லி தன் நாற்காலியை அவன் திரைப் பக்கம் இழுத்துப் போட்டாள். "படகை எடுத்துடு" என்றாள். "சுவர், தளம், தண்ணி, எல்லாத்தையும். வெறும் தரையில இவங்களை மூலப் பதிவு எப்படி இருக்கோ அப்படியே நடக்க விடு. நான் கோடு போடுறேன்."

இத்தனை காலமும் அவள் முதலில் சுவரை வரைந்து அதற்குள் மனிதர்களை வைத்தவள். இப்போது மனிதர்கள் நடந்தார்கள், அவள் சுவரை வரைந்தாள். எல்லோரும் எங்கே திரும்பினார்களோ அங்கே ஒரு மேஜையின் முனை. எங்கே ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கினார்களோ அங்கே ஒரு குறுகல் வழி. எங்கே இல்லாத தடுப்பைத் தாண்டச் சேலையைத் தூக்கினார்களோ அங்கே கழுவுதண்ணீர் ஓடும் வாய்க்காலின் கரை. நீள நீளமாக மேஜை வரிசைகள் கொண்ட ஒரு கூடம் திரையில் உருவானது. ஒரு முனையில் இருந்த பெரிய வாசல் பக்கம் யாருமே போகவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு வந்தார்கள்.

"அங்கேர்ந்துதான் என்னமோ வந்திருக்கு" என்றாள். "தீயா இருந்தா குனிஞ்சு ஓடுவாங்க. இவங்க மூக்கைப் பொத்துறாங்க."

"அம்மோனியா. குளிர்பதனத்துக்கு அதைத்தான் போடுவாங்க" என்றான் ஹாரூன்.

"சரி, பெரிய வாசல் வழி அடைஞ்சு போச்சு. ஆனா எல்லாரும் ஏன் இந்த ஒரே மூலைக்கு வர்றாங்க? பயத்துல ஓடினா ஆளுக்கொரு திசைக்குச் சிதறுவாங்கல்ல?"

மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்கள். யாரும் ஓடத் தொடங்காத நேரம். எல்லா மணிக்கட்டுகளும் திருகிக்கொண்டிருக்கின்றன. ஓர் உருவம் மட்டும் பெரிய வாசல் பக்கமிருந்து நிதானமாக, ஆனால் நிற்காமல், வரிசைகளுக்கு நடுவே நடந்து வலது பின்மூலைக்குப் போனது. நீண்ட நடை. ஆண். மூலையில் நின்று வலது மணிக்கட்டை ஒருமுறை திருகினான். முன்னால் ஒரு எட்டு வைத்தான். திரும்பி நின்று, வலது மணிக்கட்டை மறுபடி திருகினான். பிறகு விலகிப் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றவர்கள் தலையைத் தூக்கினார்கள், மூக்கைப் பொத்தினார்கள், அவன் போன வழியே ஓடினார்கள்.

ஹாரூன் அந்த உருவத்தை விரலால் காட்டினான். "இவரைத்தான் கீரிக்குக் கேப்டனாப் போட்டேன். எல்லாரும் பதறும்போது இவர் மட்டும் அமைதியா இருக்காருன்னு."

"பூட்டைத் திறந்து வெளிய போயி, திரும்பப் பூட்டிட்டுப் போயிருக்கான்."

"வேணும்னா?"

"பழக்கமாக் கூட இருக்கலாம். தெனமும் பூட்டுற கை, அன்னைக்கும் பூட்டியிருக்கு."

தேடிப் பிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. தெற்குக் கடற்கரையில் சிப்பிமுனை என்ற சிறிய ஊர். இறால் ஆலையில் வாயுக் கசிவு, உரிக்கும் பெண்கள் பலர் பலி என்று சில வருடங்களுக்கு முன் செய்தி வந்திருந்தது. பிறகு ஒரு விசாரணை. அதன் முடிவும் செய்தியில் இருந்தது: பின்புற அவசரக் கதவு திறந்தே இருந்தது, பதற்றத்தில் பெண்கள் அதை நாடவில்லை, நிர்வாகத்தின் மேல் குற்றமில்லை. அந்த ஆலையில் வேலையின் வேகத்தை அளக்கத் தொப்பியிலும் கையிலும் இடுப்பிலும் பட்டை மாட்டியிருந்ததைப் பற்றி எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலை அவள் வந்தபோது பதிவுகள் ஒன்றுகூட இல்லை. மூலம், நகல், அவள் வரைந்த கூடம், எல்லாம் துடைத்து எடுக்கப்பட்டிருந்தன. ஹாரூனின் மேஜையும் காலியாக இருந்தது. அவன் போனை அணைத்து வைத்திருந்தான்.

தயாளன் அவளைக் கூப்பிட்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நாம கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஞாபகம் இருக்கட்டும். வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னா கோர்ட்டுலதான் பாக்கணும். ஹாரூன் புத்திசாலி. புரிஞ்சுக்கிட்டான்."

"என்ன புரிஞ்சுக்கிட்டான்?"

"உங்களுக்குத்தான் புரியல."

விற்றுவிட்டானா, பயந்துவிட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவன் முகத்தைப் பார்த்து நான்கு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. அதற்கு வழியில்லாததால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினாள். கையில் ஆதாரம் ஒன்றுமில்லை. கதவு பூட்டியிருந்தது என்று எனக்குத் தெரியும் என்று அங்கே யாரிடமாவது சொல்ல வேண்டும். அது மட்டும்தான் மனதில் இருந்தது.

சிப்பிமுனையில் அந்த ஆலையிலிருந்து உயிரோடு வந்தவர்களைப் பற்றி விசாரித்தபோது கோவிலுக்குப் பின்புறத் தெருவைக் காட்டினார்கள். காட்டியவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "நீங்களும் அந்தப் பட்டணத்துப் பையன்கூட வந்தவங்களா?" என்று கேட்டார்.

அந்தத் தெருவில், உயிர் தப்பியவர்களில் ஒருத்தியான ஞானப்பூவின் வீட்டு வாசலில் ஹாரூன் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே விடவில்லை போல.

"போனை ஏன் அணைச்சே?" என்றாள் செண்பகவல்லி. 

"நான் இருக்கிற இடம் தெரியக்கூடாதுன்னு. பதிவை எடுத்துட்டு வந்ததுக்கு என்னைத் திருடன்னு கேஸ் போடுவாங்க அக்கா. உங்களுக்குச் சொல்லியிருந்தா உங்களையும் சேத்துப் போடுவாங்க."

"நீ வித்துட்டேன்னு நினைச்சேன்."

"தெரியும்" என்றான்.

ஞானப்பூ கதவைப் பாதி திறந்து பார்த்தாள். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல். கண்கள் சிவந்தே இருந்தன; அந்த வாயுவுக்குப் பிறகு அப்படித்தான் என்று பின்னால் தெரிந்தது. "இப்ப ரெண்டு பேராயிட்டியளா? எத்தன பேரு வந்து கேட்டாவ தெரியுமா? எல்லாத்தையும் சொன்னேன். கதவு தொறந்துதான் கெடந்துச்சு, நாங்கதான் கூறுகெட்டுப் போயி ஓடலன்னு எழுதிட்டுப் போயிட்டாவ. நீங்க எந்தக் கம்பெனி அனுப்புன ஆளு?"

"யாரும் அனுப்பலம்மா" என்றாள் செண்பகவல்லி. "கதவு பூட்டியிருந்துச்சு. நாங்க பாத்தோம்."

"நீங்க எங்க பாத்திய?"

ஹாரூன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். பதிவுக்கு மேல் இன்னும் இருந்தது கீரிக்காகச் செய்த பழைய உருவங்கள்தான். கரி பூசிய முகம், கால்சட்டை, மீசை. ஞானப்பூ நின்றபடியே பார்த்தாள். உருவங்கள் மூலைக்கு ஓடின. அடித்தன. கூட்டத்தின் ஓரத்தில் ஓர் உருவம் அடிப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்ததைத் தோளைப் பிடித்து இழுத்து, குனிந்து, தன் முதுகில் ஏற்றி, சுவரோடு சாய்ந்து மெதுவாக எழுந்து நின்றது. மேலே ஏறியது எதையோ பிடித்து எக்கி மறைந்தது. கீழே நின்றது அப்படியே கொஞ்ச நேரம் கையை உயர்த்திப் பிடித்திருந்தது. பிறகு உட்கார்ந்தது. பிறகு அந்தப் பதிவு நின்றுவிட்டது.

ஞானப்பூ வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"மதினி" என்றாள். "எங்க பிரகாசி மதினி. செவுத்துல காத்தாடி மாட்ட விட்டிருந்த பொந்துக்கு என்னையத் தூக்கி விட்டாவ." திரையைத் தொட்டாள். கோபமா அழுகையா என்று சொல்ல முடியாத குரலில் கேட்டாள். "இவளுக்கு எதுக்கு மீசை வச்சிருக்கிய?"

ஹாரூன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். பெண்கள் இருவரும் காபி போட்டுக் குடித்து, அன்றைக்கு ஆலையில் நடந்ததையெல்லாம் பேசி முடிக்கும்வரை அவன் வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு உருவமாக எடுத்து மீசையை நீக்கிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு நடந்தது மெதுவாக நடந்தது. உயிர் பிழைத்தவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் மறுவிசாரணை கேட்டு வாங்கினார். ஹாரூன் மேல் வழக்கு வந்தது; அவனுக்கு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. செண்பகவல்லி பழையபடி இழுவைப் படகுகளுக்கே திரும்பினாள். கீரி அருங்காட்சியகத்தில் மிதந்தது. அதன் கொதிகலன் அறையில் இப்போது விதிப்படி பக்கத்து ஏணிக்கு ஓடுகிற ஆட்கள் இருந்தார்கள். கொஞ்சம் பொம்மை மாதிரி இருப்பதாகப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள்.

விசாரணை மாவட்டத் தலைநகரில் ஓர் அரசுக் கூடத்தில் நடந்தது. பதிவை விற்ற நிறுவனம் அது நடிகர்களை வைத்து எடுத்தது என்று சாதித்தது. ஆலையின் வழக்கறிஞர் எழுந்து, "நடக்காத போரில், இல்லாத நாட்டின், கட்டப்படாத படகுக்குச் செய்த பொம்மைகள் இவை. இவற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றச் சொல்கிறார்கள்" என்றார். கூடத்தில் இரண்டொருவர் சிரித்தார்கள். "இந்த அம்மாவுக்குப் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள்" என்றும் ஞானப்பூவைக் காட்டிச் சொன்னார்.

விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற நீதிபதி. இரண்டு தரப்பையும் நம்பாதவர் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. செண்பகவல்லியைப் பார்த்து, "இந்த அம்மாவுக்கு எந்தப் பகுதியைக் காட்டினீர்கள்?" என்று கேட்டார்.

"கடைசிப் பகுதியை மட்டும்தான் ஐயா. ஆனால் பதிவு அன்று காலை வேலை தொடங்கியதிலிருந்தே இருக்கிறது."

"எனக்கு விருப்பமான இடத்திலிருந்து ஓட்டலாமா?"

"ஓட்டலாம் ஐயா."

அவர் எழுந்து வந்து தானே திரையில் நேரக்கோட்டை நகர்த்தினார். காலை நேரம் ஏதோ ஒன்று. மீசை இல்லாத, முகமும் இல்லாத சாம்பல் நிற உருவங்கள் வரிசையாக நின்று மணிக்கட்டைத் திருகிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் மற்றதற்கும் பார்வைக்கு வித்தியாசமே இல்லை. ஞானப்பூ எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஆலையின் வழக்கறிஞர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது மதினி" என்று ஒன்றைக் காட்டினாள். "பக்கத்துல நானு."

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

"இப்ப எடது கையால கன்னத்தச் சொறிவாவ. ஐஸ் தண்ணி தெறிச்சா அவுகளுக்கு அரிக்கும்."

உருவம் இடது கையைத் தூக்கிக் கன்னத்தைச் சொறிந்தது.

ஆலையின் வழக்கறிஞர் கடிகாரத்தை விட்டுத் திரைப் பக்கம் திரும்பினார்.

"நான் இப்ப கூடைய மாத்துவேன். கனமா இருக்கும், இடுப்புல வச்சித்தான் எடுப்பேன்." பக்கத்து உருவம் குனிந்து, எதையோ இடுப்பில் ஏற்றி, திரும்பி வைத்தது. "இனிமே மதினி வேலைய நிப்பாட்டுவாவ. மேற்பார்வை பாக்குற ஆளு அந்தாக்குல போயிட்டாருல்லா, அதான். இப்ப என் பக்கம் திரும்புவாவ பாருங்க."

உருவத்தின் மணிக்கட்டு நின்றது. தலை மெதுவாக வலப்பக்கம் திரும்பியது.

அதிகாரி படத்தை நிறுத்தினார். திரையையும் ஞானப்பூவையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று பக்கத்தில் எழுதுகிறவரிடம் சொன்னார். ஆலையின் வழக்கறிஞர் எழுந்தார்; அதிகாரி கையைக் காட்டி உட்கார வைத்தார். பிறகு, விசாரணைக்கு எந்த விதத்திலும் தேவையில்லாத ஒரு கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"திரும்பி உங்களிடம் என்ன சொன்னார்கள்?"

"வெளிய மழ பெய்யுதான்னு கேட்டாவ, ஐயா."

"நீங்கள்?"

"தெரியலயேன்னேன்" என்றாள் ஞானப்பூ. "எங்களுக்கு உள்ள ஜன்னல் கிடையாதுல்லா."